கத்திய எஞ்சின், நகராத படகு

அத்தியாயம் ஐந்து

கொலைகாரன் என்று ஊரே முடிவு கட்டிவிட்ட ஒருத்தனைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள், நாலு இட்லியாவது தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜூஸ் கடை மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் ஆபீஸில் நான் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கோகிலவாணி மேடம் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“மாயவா, மலைக்குப் போறோம். அதைக் கட்டி எடுத்துக்கோ, வண்டியில தின்னலாம்.”

“கல்வராயன் மலை வளைவுல தின்னா, உள்ள போன இட்லி அடுத்த வளைவுல வெளிய வந்துரும் மேடம்.”

“அப்ப பட்டினியா வா.”

இதுதான் என் முதலாளி. கடலூர் துறைமுகத்தில் படகு இன்சூரன்ஸ் சர்வேயராகப் பல வருடம் இருந்தவர். மூழ்கின படகைப் பார்த்தால், அது தானாக மூழ்கினதா, யாராவது மூழ்கடித்ததா என்று சொல்லிவிடுவார். நான் மாயவன். மினிபஸ் கண்டக்டராக இருந்து, வாய் நீளம் என்று இறக்கிவிடப்பட்டவன். வாய் இன்னும் அதே நீளத்தில்தான் இருக்கிறது.

காரின் பின் சீட்டில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் பழனியைத்தான் போலீஸ் பிடித்து உள்ளே வைத்திருந்தது.

விஷயம் இதுதான். மலை மேல் கொட்டாப்பள்ளம் ஏரியில் ஒரு தனியார் படகுத்துறை. சின்னராசு, சடையன் என்று இரண்டு கூட்டாளிகள் நடத்துவது. பெடல் போட்டுகள் நிறைய, மோட்டார் படகு ஒன்றே ஒன்று. சவாரிக்கும் அதுதான், யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்கி வரவும் அதுதான். ஓட்டுகிறவன் பழனி. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, லீவு கேட்ட பழனியைச் சின்னராசு நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்தார். கொஞ்ச நேரத்தில் அதே சின்னராசு, நடு ஏரியில் செடியில் சிக்கிக் கிடந்த பெடல் போட்டை விடுவிக்க இன்னொரு பெடல் போட்டில் போனார். எழுந்து நின்று இழுத்தார், கவிழ்ந்தார். நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டும் போடவில்லை. பழனி ஓடிப்போய் மோட்டார் படகை எடுத்தான். எஞ்சின் மலையே அதிரக் கத்தியது. படகு மட்டும் ஊர்ந்தது. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

‘நியூட்ரலில் போட்டு முறுக்கிக்கொண்டு நடித்தான், அறை வாங்கின ஆத்திரம்’ என்று சடையன் போலீஸில் சொல்லிவிட்டார். ‘கியர் போட்டேன், படகுதான் போகவில்லை’ என்றான் பழனி. போலீஸ் இரண்டு நாள் கழித்து அதே படகை ஓட்டிப் பார்த்தது. சும்மா பறந்தது. பிறகு பழனியை யார் நம்புவார்கள்? நாளைக் காலை கோர்ட்டில் இதைக் கொலை என்று சொல்லப் போகிறார்கள். எங்களுக்கு மிச்சம் இருந்தது இன்றைய ஒரு பகல்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது மேடம் தன் செல்போனை என் மடியில் போட்டார்.

“டூர் வந்தவங்க யாரோ எடுத்த வீடியோ. படகுக்குப் பின்னால இன்னா தெரியுதுன்னு பாரு.”

பார்த்தேன். பழனி பின்னால் எஞ்சின் பிடியைப் பிடித்திருந்தான். வேலையாட்கள் இரண்டு பேர் மிதவையைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டிப் பிடிக்கத் தயாராகப் படகின் முன் நுனியில் நின்றார்கள். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று பொங்கியது.

“நுரை மேடம். சோப்புத் தண்ணி மாரி.”

“நியூட்ரல்ல இருந்தா ப்ரொப்பெல்லர் சுத்துமா?”

“சுத்தாது.”

“சுத்தலன்னா நுரை ஏது?”

எனக்கு முன்னால் செவ்வந்தி முந்திக்கொண்டாள். “அப்ப கியர்லதான் இருந்துகீது! அதான மேடம் நானும் அடிச்சிக்கினு கெடக்கறேன். அந்தாளு பொய் சொல்லாது.”

“கியர்லதான் இருந்துச்சு. ஆனா தண்ணியத் தள்ளல, காத்தைக் கலக்கிச்சு. எஞ்சினைப் படகுல இருக்கவேண்டிய ஒசரத்துக்கு மேல தூக்கி மாட்டினா அப்பிடித்தான் ஆவும். ப்ரொப்பெல்லர் தண்ணி மட்டத்துக்குக் கிட்ட வந்து காத்தை இழுத்துக்கும். சத்தம் ஊரைக் கூட்டும், படகு நகராது.”

“போலீஸ் ஓட்டறப்ப மட்டும் எப்பிடிப் பறந்துச்சு?” என்றேன்.

“அதான் எனக்குப் புடிபடல,” என்றார் மேடம். வளைவில் ஹாரன் அடித்துத் திரும்பினார். அதற்கப்புறம் ஏரி வரை நான் இட்லியைத் தொடவில்லை.

படகுத்துறை ஷெட்டுக்கு முன்னால் சடையன் நின்றிருந்தார். வாயில் வெற்றிலை, இடுப்பில் சாவிக் கொத்து. பார்த்தவுடனே எனக்குப் பிடிக்காமல் போகிற ஆட்களில் ஒருத்தர். கதவில் பளபளவென்று புதுப் பூட்டு தொங்கியது.

“இன்னா மேடம், போலீஸே பாத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க இன்னா புதுசா பாக்கப் போறீங்க?”

“இன்ஸ்பெக்டர் உங்களுக்கு போன் பண்ணாரா இல்லியா?”

“பண்ணாரு, பண்ணாரு. பாத்துக்கங்க.”

“பூட்டு எப்ப மாத்துனீங்க?”

“போலீஸ் ஓட்டிப் பாத்துட்டுப் போன அன்னிக்கு. சாவு நடந்த எடம், பழசு வேணாம்னு தூக்கிப் போட்டேன்.”

“பழைய பூட்டுக்கு எத்தினி சாவி?”

“ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு சின்னராசு அண்ணன் வூட்டுல.” பதில் சொல்லிவிட்டு அவர் என்னை முறைத்தார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. குற்றம் செய்தவன்தான் சம்பந்தமில்லாதவனை முறைப்பான் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். கூட்டாளி போனால் படகுத்துறை முழுசும் இவருக்குத்தானே, அதற்காகத்தான் ஊரை ஏமாற்றுகிறார்; இதற்குக் கார் எதற்கு, மலை எதற்கு, என்னைக் கேட்டிருந்தால் மாடியிலேயே சொல்லியிருப்பேன்.

மோட்டார் படகு ஷெட்டுக்குள் கரைச் சரிவில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. மேடம் புடவையைச் சொருகிக்கொண்டு உள்ளே ஏறி, எஞ்சின் மாட்டியிருந்த பின்பலகை முன்னால் குந்தி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழவே இல்லை.

“மாயவா, இங்க வா. இந்தப் பட்டையப் பாரு.”

ஆயுத பூஜைக்குப் போட்ட சந்தனப் பட்டை. எண்ணெய் விட்டுக் குழைத்து, மூன்று விரலால் ஒரே இழுப்பாக இழுத்தது. இடது பக்கப் பலகையில் தொடங்கி, எஞ்சினைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டத்தின் மேலே ஏறி, வலது பக்கப் பலகையில் முடிந்திருந்தது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

“நல்லாத்தான இழுத்துகீறாங்க.”

“கண்ணத் தொறந்து பாரு.”

திறந்து பார்த்தேன். பலகையில் மூன்று கோடு, இரும்பில் மூன்று கோடு. ஆனால் ஒன்றுக்கொன்று சேரவில்லை. பலகையில் மூன்றாவது கோடு எந்த மட்டத்தில் முடிந்ததோ, அந்த மட்டத்தில் இரும்பின் முதல் கோடு தொடங்கியது. வலது பக்கமும் அதே கதை.

“பட்டை போட்டது யாரு?” என்று மேடம் சடையனைக் கேட்டார்.

“பழனிதான். வருஷா வருஷம் அவன்தான் போடுவான்.”

“அவன் ஒரே இழுப்பா இழுத்துகீறான். அப்ப மூணு கோடும் நேராத்தான் இருந்திருக்கணும். இப்ப இரும்பு ரெண்டு விரக்கடை எறங்கி நிக்குது. அப்பிடின்னா பூஜை அன்னிக்கு எஞ்சின் மேல இருந்துச்சு. இப்ப கீழ இருக்குது. நடுவுல யாரோ போல்ட்டைக் கழட்டி ரெண்டு ஓட்டை எறக்கி மாட்டிகீறாங்க.”

கரையில் நின்றிருந்த செவ்வந்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“பழனி பண்ணியிருக்க முடியாது,” என்றேன். “அவனை அன்னிக்கே புடிச்சிக்கினு போயிட்டாங்க.”

“ம். இப்பதான் நீ சம்பளத்துக்கு வேலை பாக்கற.”

“ஆனா மேடம், இவ்ளோ கமுக்கமா வேலை பண்ணவன் இந்தப் பட்டையத் தொடச்சிட்டுப் போயிருந்தா மாட்டியே இருக்க மாட்டான்ல?”

“ஆயுத பூஜைக்குப் போட்டதை நீ தொடப்பியா?”

“நானா? என் டிவிஎஸ்ல போன வருஷப் பொட்டே இன்னும் இருக்குது. அதுவா போனாதான் உண்டு. தொடச்சா வெளங்குமா?”

“அவங்களுக்கும் கை வரல.”

மேடம் இறங்கிப் படகின் பின்னால் போனார். ப்ரொப்பெல்லரின் மூன்று இறக்கைகளையும் தடவிப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த நட்டைப் பார்த்ததும் சிரித்தார். மேடம் சிரித்தால் யாருக்கோ கேடு காலம்.

நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் இருக்க வேண்டும். அந்த ஓட்டையில் ஸ்பிளிட் பின் இல்லை. கறுப்பாக, ஒல்லியாக, ஒரு ஹேர்பின் மடங்கி உட்கார்ந்திருந்தது.

“பொம்பள!” என்று கத்திவிட்டேன்.

“மெதுவா. சடையன் அண்ணே, இதுக்கு மாட்டற ஸ்பிளிட் பின் உங்ககிட்ட இருக்குதா?”

சடையன் யோசிக்கவே இல்லை. தலைக்கு மேலே ஆணியில் தொங்கின பால் பவுடர் டப்பாவை எடுத்துக் குலுக்கினார். உள்ளே கைநிறைய ஸ்பிளிட் பின். “எவ்ளோ வேணும்? எனக்கும் பழனிக்கும் இது இங்க கீதுன்னு கண்ணக் கட்டிவுட்டாலும் தெரியும்.”

என் கோட்டை அங்கேயே இடிந்தது. தலைக்கு மேலே டப்பா தொங்கும்போது சடையன் எதற்கு ஹேர்பின்னைத் தேடப் போகிறார்? அப்படியே தேடினாலும் அவர் மண்டையில் பின் குத்த முடி ஏது?

“ப்ரொப்பெல்லரையும் கழட்டி வேற மாட்டிகீறாங்க,” என்றார் மேடம். “இல்லன்னா இந்த நட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்ல. பின்னைத் தவற விட்டுட்டாங்க. பின் இல்லாம மாட்டக் கூடாதுன்னு தெரிஞ்ச ஆளு. ஆனா பின் எங்க இருக்குதுன்னு தெரியாத ஆளு. சடையன் அண்ணே, இந்தப் படகு இன்னும் வேகமாப் போகணும்னு இங்க யாருக்கு ஆசை?”

“வேற யாரு, சின்னராசு அண்ணனுக்குத்தான். ‘நம்ம போட்டு மாடு மேய்க்கப் போறா மாரி போவுதுடா சடையா’ன்னு பொலம்பிக்கினே இருப்பாரு.” சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை நான் கொஞ்சம் அவசரப்பட்டுத் திட்டிவிட்டேன் போலிருக்கிறது.

மேடம் இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டுப் பட்டையைப் பற்றிச் சொன்னார். ‘யார் இறக்கினதுன்னு ஆளைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்’ என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

மலை இறங்கும்போது, டீக்கடையில் செவ்வந்தி தண்ணீர் குடிக்க இறங்கின நேரம் பார்த்து நான் மேடம் காதில் ஓதினேன். “கொண்டையப் பாருங்க. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. எல்லாம் கறுப்பு ஹேர்பின்.”

“தம் புருஷன் மாட்டிக்கற மாரி எந்தப் பொண்டாட்டியாவது எஞ்சினைச் சரி பண்ணி வெப்பாளா? அது மேலயே இருந்திருந்தா பழனி அன்னிக்கே வெளிய வந்திருப்பான்.”

“அதுவும் சரிதான்.”

“ரெண்டாவது சாவி எந்த வூட்டுல இருக்குதோ, அங்க போறோம்.”

கச்சிராயபாளையத்தில் சின்னராசு வீட்டு வாசலில் துக்கத்துக்குப் போட்ட பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. செவ்வந்தி உள்ளே வரமாட்டேன் என்று கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. சின்னராசுவின் மனைவி மாத்திரை போட்டுத் தூங்குவதாகச் சொன்னாள் அவர் பெண் சந்தியா. எஞ்சினியரிங் கடைசி வருடம் படிக்கிறவள். வாராத தலை, வீங்கின கண். இந்தப் பெண்ணைப் போய் இந்த நேரத்தில் என்ன கேட்பது என்று எனக்கே சங்கடமாக இருந்தது.

மேடம் ஒன்றும் கேட்கவில்லை. தகவல் சொல்ல வந்தவர் போல உட்கார்ந்தார்.

“நாளைக்குக் காலையில படகை மறுபடி ஓட்டிப் பாக்கறாங்கம்மா. அன்னிக்கு மாரியே. முன்னால ரெண்டு பேர் நின்னுக்கினு, ஃபுல் வேகத்துல, ஏரி நடு வரைக்கும். பழனி பொண்டாட்டி செவ்வந்தியும் ஏறுறா. கண்ணால பாக்கணுமாம்.”

எனக்கு இது புதுச் செய்தி. நல்ல வேளை, என் வாய் அந்த ஒரு தடவை மூடியிருந்தது.

சந்தியா நிமிர்ந்தாள். “அவங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப வேணாம் மேடம். அவங்கள ஏத்தாதீங்க. யாருமே ஏறாதீங்க. நடு ஏரியில ப்ரொப்பெல்லர் கழண்டுடும்.”

“போலீஸ் ஓட்டறப்ப கழலலியே?”

“அவங்க கிட்டக்கவே ஓட்டிட்டுத் திரும்பிட்டாங்க. ஃபுல் வேகத்துல போனா தாங்காது. நட்டுல பின்னே இல்ல, வெறும் ஹேர்...”

அத்தோடு நின்றுவிட்டாள். மேடம் எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு யாரும் படகு ஓட்டலம்மா. நான் பொய் சொன்னேன். நீ உண்மையச் சொல்லு.”

அவள் அழவில்லை. அழுது தீர்ந்திருக்க வேண்டும்.

“அப்பாவுக்கு வேகம் வேணும். நான்தான் கணக்குப் போட்டுக் குடுத்தேன். ஒரு சுத்துக்கு ஜாஸ்தி தூரம் தள்ளற ப்ரொப்பெல்லரா வாங்கச் சொன்னேன். எஞ்சினைக் கொஞ்சம் தூக்கினா தண்ணி இழுக்கறது கம்மியாவும், இன்னும் வேகம் வரும்னு சொன்னேன். பூஜைக்கு மொத நாள் நானும் அப்பாவும்தான் மாத்தினோம். சடையன் மாமாகிட்ட சொல்லாத, ஓட்டிக் காட்டி அசத்தலாம்னாரு. ஓட்டிப் பாத்தோம். பறந்துச்சு மேடம். அப்பா சின்னப் புள்ள மாரி கத்தினாரு.”

“ரெண்டு பேரும் பின்னால உக்காந்துக்கினு போனீங்களா?”

“ஆமா.”

“அதான். பின்பக்கம் கனம் இருந்ததால ப்ரொப்பெல்லர் தண்ணிக்குள்ள இருந்துச்சு. அன்னிக்கு ரெண்டு பேர் முன் நுனியில நின்னாங்க. பின்பக்கம் எழும்பிடுச்சு. ஏற்கெனவே தூக்கி மாட்டின எஞ்சின் இன்னும் மேல வந்து காத்தை இழுத்துடுச்சு. பத்தாததுக்கு, தூரமா தள்ளற ப்ரொப்பெல்லருக்கு நின்ன எடத்துல இருந்து இழுக்கற பலம் கம்மி. உன் கணக்கு தப்பில்லம்மா. ஓடற படகுக்குப் போட்ட கணக்கு அது. ஒருத்தரைத் தூக்கப் போற படகுக்குப் போடலை.”

“வீடியோ பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு,” என்றாள் சந்தியா. “அந்த நுரையப் பாத்ததும். அப்பா ஒடம்பு வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே சாவிய எடுத்துக்கினு போய் பழைய மாரி மாட்டிட்டேன். எல்லாம் அழிஞ்சிடும்னு நெனச்சேன். பழனி அண்ணனப் புடிச்சிக்கினு போனது எனக்கு அப்பத் தெரியாது.”

“அப்புறம் தெரிஞ்சிச்சு.”

“தெரிஞ்சிச்சு. ஆனா எப்பிடிச் சொல்றது மேடம்? பெத்த அப்பன கணக்குப் போட்டுக் கொன்னவன்னு ஊரு சொல்லும். அம்மா என் மூஞ்சியில முழிப்பாங்களா?”

“ஊரு சொல்லத்தான் சொல்லும். இப்ப அதே ஊரு பழனி புள்ளைங்களக் கொலகாரன் புள்ளைங்கன்னு சொல்லுது. உங்கப்பா செத்தது விபத்து. பழனி ஜெயிலுக்குப் போனா அது விபத்தில்ல. அது நீ பண்றது.”

மேடத்துக்கு இவ்வளவு கடுமையாகப் பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். ‘போதும் மேடம்’ என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியே நிற்கிறவளின் முகம் ஞாபகம் வந்து, சும்மா இருந்தேன்.

சந்தியா எழுந்து சமையலறைக்குப் போனாள். அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, கழற்றி ஒளித்து வைத்திருந்த புதுப் ப்ரொப்பெல்லரை வெளியே எடுத்தாள். தூங்குகிற அம்மாவை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள். வழியெல்லாம் அரிசி சிந்தியது.

கேட்டில் செவ்வந்தி அவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். “பாப்பா, சத்தியமா அந்தாளு மொதலாளிய...”

“அக்கா, கும்பிடாதீங்க.” சந்தியா எல்லாவற்றையும் சொன்னாள். எஞ்சினைத் தூக்கினது, இறக்கினது, வாயை மூடிக்கொண்டு இருந்தது. ஒன்றையும் விடவில்லை.

செவ்வந்தி அடித்துவிடுவாள் என்று நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அடித்தால் தடுப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை.

அவள் அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, பேசினாள்.

“நேத்து போய் பாத்தேன் பாப்பா. ‘நான் கியர் போட்டனா இல்லியான்னு எனக்கே சந்தேகமாகீது செவ்வந்தி. எல்லாரும் சொல்றாங்களே, நான்தான் பதட்டத்துல போடாம வுட்டுட்டேன் போல. மொதலாளிய நான்தான் கொன்னுட்டேன்’னு தலையில அடிச்சிக்கினு அழுவுது. நாளைக்கு ஜட்ஜிகிட்ட ஒத்துக்கப் போறேன்னு சொல்லுது.”

சந்தியா அங்கேயே உடைந்தாள். இத்தனை நாள் அழுததெல்லாம் ஒன்றுமே இல்லை என்பதைப் போல அழுதாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செவ்வந்திதான் முதலில் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் காரின் பின் கதவைத் திறந்து பிடித்தாள்.

“ஏறு பாப்பா. எங்கிட்ட சொன்னது போதும். வந்து அந்தாளு காதுல சொல்லு.”